முன்கூட்டி மாட்டிய பச்சை அட்டை

லிஃப்ட்காரர் யாரிடமும் பொய் சொல்லவில்லை. ஆரம்பத்தில் அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. யாரும் கேட்கவில்லை, தானும் சொல்லவில்லை, அவ்வளவுதான் நடந்தது என்று முதல் வாரம் முழுக்கத் தனக்குள் சொல்லிக்கொண்டார். இரண்டாவது வாரத்தில் அந்த வாக்கியம் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி ஆகிவிட்டது. வேண்டாம் என்றாலும் நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

பட்டறை ஒரு பழைய துணிக் கிடங்கில் நடந்தது. சுற்றியுள்ள தெருக்களில் நாற்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து வைத்துக்கொண்டது. ஒரு ரம்ப மேசை, ஒரு இழைப்பு இயந்திரம், இரண்டு துளை இயந்திரங்கள், வெல்டிங் செட், சாணைக்கல், சுவர் நிறையச் சுத்தியலும் உளியும். யாருக்கும் தனிச் சொந்தமில்லை என்பதால் எல்லாருக்கும் சொந்தம். எல்லாருக்கும் சொந்தம் என்பதால் எண்ணெய் விட ஆள் கிடையாது. கடைசியில் அந்த வேலை லிஃப்ட்காரர் தலையில் விழுந்தது. அவர் அதை விழுந்ததாக நினைக்கவில்லை. தாமாகவே தலையைக் கொண்டுபோய் நீட்டினார். வாரம் ஐந்து நாள் ஊரார் ஏறி இறங்கும் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பவர். அவர் கையெழுத்தை நம்பித்தான் தினமும் ஆயிரம் பேர் எட்டாவது மாடிக்குப் போகிறார்கள். அப்படிப்பட்டவர் ஓய்வு நேரத்தில் வந்து நம் துளை இயந்திரத்தின் பெல்ட்டை மாற்றிக் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

அட்டை முறையைக் கொண்டுவந்ததும் அவர்தான். ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு கொக்கி. பழுது பார்க்கும்போது அதில் சிவப்பு அட்டை தொங்க வேண்டும். ஒருவரும் தொடக் கூடாது. வேலை முடிந்து, ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சை அட்டை. அதில் தேதியும் கையெழுத்தும். இந்த ஐந்து வருடத்தில் அந்தப் பட்டறையில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்த இரண்டு அட்டைகள்தான் என்று டீச்சர் எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். டீச்சர் என்பவர் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர், பட்டறைக்குச் செயலாளர்.

டீச்சருக்குத் தெரியாத ஒன்று உண்டு. லிஃப்ட்காரர் சிவப்பு அட்டையை மாட்டிப் பல வருடமாகிவிட்டது. சிவப்பைப் பார்த்தால் ஆட்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, "எப்ப சார் முடியும்?" என்று கேட்பார்கள். அந்தத் தொல்லை வேண்டாம் என்று, பட்டறையில் ஆளில்லாத வெள்ளிக்கிழமை மதியமாகப் பார்த்து அவர் வேலைக்கு வருவார். வந்தவுடன் பச்சை அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொக்கியில் மாட்டுவார். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார். முடிக்காமல் போனால்தானே தப்பு? அவர் முடிக்காமல் போனதே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை ரம்ப மேசையின் முறை. மேசையின் நடுவில் வட்டப் பல்சக்கரம் ஒன்று பாதி வெளியே தெரியும்படி சுழலும். பலகையை அதன்மேல் தள்ளி அறுக்க வேண்டும். சக்கரத்துக்குப் பின்னால், அதை ஒட்டி, பிறை மாதிரி ஒரு மெல்லிய இரும்புத் தகடு நிற்கும். பட்டறையில் அதற்குக் காவல்காரன் என்று பெயர். அறுபட்ட பலகை சில சமயம் பின்னால் மறுபடி மூடிக்கொண்டு சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்வினால் சக்கரம் பலகையைத் தூக்கி, அதைத் தள்ளியவர் மேலேயே எறியும். காவல்காரன் அந்த வெட்டுக்குள் நின்று அதை மூடவிடாமல் பார்த்துக்கொள்வான். வேலை அவ்வளவுதான். ஆனால் அவன் இல்லாவிட்டால் பலகை பீரங்கிக் குண்டு.

தகட்டில் மரப்பிசின் கறுப்பாக ஏறியிருந்தது. லிஃப்ட்காரர் இரண்டு போல்ட்டைக் கழற்றி அதை வெளியே எடுத்தார். ஒரு பழைய பிஸ்கட் டின்னின் மூடியில் மண்ணெண்ணெய் ஊற்றி, தகட்டை அதில் ஊறப்போட்டு, ஜன்னல் திட்டில் வைத்தார். அப்போது போன் வந்தது. ஒரு கட்டடத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது; உள்ளே இரண்டு பேர். பையை எடுத்துக்கொண்டு ஓடினார். இரண்டு பேரையும் பத்திரமாக இறக்கினார். அதில் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் பட்டறைக்கு வந்தபோது தகடு ஞாபகத்தில் இல்லை. பின்னறையில் துளை இயந்திரத்தின் பெல்ட் கிறீச்சிடுவதாகப் பட்டறை உறுப்பினரான தபால்காரர் சொல்லியிருந்தார்; நேராக அங்கே போய்விட்டார்.

பத்து மணிக்கு அவருடைய தங்கை புருஷன் ரம்ப மேசைக்கு வந்தார்.

மாப்பிள்ளைக்குக் குடும்பத்தில் வைத்திருந்த பெயர் கைதவறி. வீட்டு மாப்பிள்ளையாகக் காலடி வைத்த முதல் நாளே ஒரு கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்தார். "கை தவறிடுச்சு" என்றார். அன்றிலிருந்து எது உடைந்தாலும் அவர் பெயர்தான். பூனை தள்ளிவிட்ட கிண்ணத்துக்குக்கூட அவரே பொறுப்பு. வேடிக்கை என்னவென்றால், அவருடைய பிழைப்பு மூக்குக் கண்ணாடிக் கடையில். நாள் முழுக்கக் கடுகளவு திருகை இடுக்கியில் எடுத்துச் சட்டத்துக்குள் வைத்து முடுக்குகிற வேலை. பத்து வருடத்தில் ஒரு திருகைத் தொலைத்ததில்லை என்று முதலாளி சொல்வார். குடும்பத்தில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நல்ல கேலியை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

அவர் பெண்டாட்டி நாலு வருடமாகச் சமையலறைக்கு ஒரு அலமாரி கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குத்தான் பலகை அறுக்க வந்தார். கொக்கியில் பச்சை அட்டை. நேற்றைய தேதி. மச்சான் கையெழுத்து. சுவிட்சைப் போட்டார்.

சத்தம் கேட்டு லிஃப்ட்காரர் பின்னறையிலிருந்து ஓடிவந்தபோது மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தார். பலகை அவர் விலாவில் அடித்து, தடுக்க நீட்டிய இடது கையையும் முறித்துவிட்டு, எதிர்ச்சுவரில் போய் மோதிக் கிடந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் போகக் கூடாத பக்கம் வளைந்திருந்தன. அப்போது பட்டறையில் இருந்த மற்ற இருவர், டீச்சரும் தபால்காரரும், ஆளுக்கொரு பக்கம் தூக்கி டீச்சரின் காரில் ஏற்றினார்கள். வலி தாங்காமல் அவர் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது.

"நீங்க மெஷினை நிறுத்திட்டுப் பின்னாலயே வாங்க சார்," என்றார் டீச்சர்.

லிஃப்ட்காரர் உள்ளே வந்து சுவிட்சை அணைத்தார். சக்கரம் சுற்றி ஓய்ந்தது. அதற்குப் பின்னால் வெறுமையாக இருந்தது. தலையைத் திருப்பி ஜன்னல் திட்டைப் பார்த்தார். டின் மூடி வைத்த இடத்திலேயே இருந்தது.

அடுத்து அவர் செய்ததை அவரால் கடைசிவரை சரியாக விளக்க முடியவில்லை. கழன்று கிடப்பதைப் பார்த்தால் மாட்டிவிடுவது முப்பது வருடக் கைப்பழக்கம் என்று ஒரு நாள் தோன்றும். இன்னொருவர் வந்து அப்படியே சுவிட்சைப் போட்டுவிட்டால் என்னாவது, அதனால்தான் மாட்டினேன் என்று இன்னொரு நாள் தோன்றும். இரண்டும் கேட்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் தகட்டைத் துடைத்து மாட்டி, இரண்டு போல்ட்டையும் முடுக்கியபின், மண்ணெண்ணெயை வெளியே சாக்கடையில் கொட்டி, டின் மூடியைக் குப்பைத் தொட்டியின் அடியில் தள்ளியதற்கு அவரிடம் எந்த விளக்கமும் இல்லை.

கார் அப்போது இரண்டாவது தெருவைக்கூடத் தாண்டியிருக்காது.

ஆஸ்பத்திரியில் தங்கை வார்டு வாசல் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கவலையை அவள் எப்போதும் திட்டாகத்தான் வெளியே விடுவாள்.

"நாலு வருஷமா ஒரு அலமாரி கேட்டேன் அண்ணே. அதுக்காக ரெண்டு விரலை உடைச்சிட்டு வந்து படுத்திருக்காரு. அலமாரி இன்னும் வரல."

கட்டிலில் இருந்து மாப்பிள்ளை சொன்னார்: "விரல் சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அலமாரிக்குத்தான் அவரு ஒண்ணும் சொல்லல."

சிரிக்கப் போய் விலாவைப் பிடித்துக்கொண்டார். வலி அடங்கியதும் லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார்.

"மச்சான், பலகையை நான்தான் சாய்ச்சிருக்கணும். வேற எப்படி ஆகும்? நீங்க முந்தின நாள்தான் பார்த்து வச்சிருக்கீங்க. உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. நீங்க படுங்க."

அந்தப் பதில் பொய்யா உண்மையா என்று பிரிக்க முடியாதபடி வந்துவிட்டது. சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்று அவருக்கே தெரிந்தது. அப்போது நர்ஸ் ஊசியோடு வந்தார்; அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். ஒருமுறை இடம் கொடுத்துவிட்டால் அடுத்த முறை இன்னும் சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் கூடினார்கள். டீச்சர், தபால்காரர், லிஃப்ட்காரர். டீச்சர் குனிந்து ரம்ப மேசையை நாலு பக்கமும் பார்த்தார். காவல்காரனைத் தொட்டு அசைத்தார்.

"இவன் சரியாத்தான் நிக்கிறான். அப்புறம் எப்படிப் பலகை பறந்தது?"

"மெஷினுக்குக் கோளாறு இல்ல டீச்சர்," என்றார் தபால்காரர். "கைதவறின்னு பேரை வச்சிட்டு அவருகிட்டயே ரம்பத்தைக் குடுத்தது நம்ம கோளாறு."

"கிண்டல் வேண்டாம். சார், நீங்க சொல்லுங்க. உங்க வீட்டு ஆளுன்னு பார்க்காம சொல்லணும்."

லிஃப்ட்காரர் சக்கரத்தின் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எது நல்லதுன்னு படுதோ செய்யுங்க," என்றார்.

மாப்பிள்ளை ஆறு மாதம் ரம்ப மேசை பக்கம் வரக் கூடாது, மற்ற இயந்திரங்களையும் யாராவது பக்கத்தில் நின்றால்தான் தொடலாம் என்று முடிவானது. டீச்சர் அதை எழுதினார். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். தாளை வாசல் பலகையில் குத்தும்போது டீச்சர், "சொந்தத் தங்கச்சி வீட்டுக்காரர்னுகூடப் பார்க்காம நின்னீங்க பாருங்க, அதுதான் சார் நீங்க," என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவருக்குப் பாராட்டும் சேர்ந்து கிடைத்தது.

பாவத்தைக் கழுவ அவருக்குத் தெரிந்த ஒரே வழி வேலைதான். அலமாரியைத் தானே செய்து தருவதாகத் தங்கையிடம் சொன்னார். மூன்று வார விடுமுறை நாட்கள் அதில் போயின. மாப்பிள்ளை அறுக்க வைத்திருந்த பலகைகளையே எடுத்தார். அவர் பென்சிலால் போட்டிருந்த கோடுகளும் அப்படியே இருந்தன. அளவெடுத்துப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டர் பிசகில்லை. மூலைக்கு மூலை, விளிம்புக்கு விளிம்பு, வெட்டு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சின்ன அம்புக்குறிகூடப் போட்டிருந்தார். அந்தக் கோட்டின் மேலேயே அறுத்தபோது லிஃப்ட்காரருக்குக் கை கூசியது.

அலமாரி வீட்டுக்குப் போன அன்று தங்கை கதவை நாலு தரம் திறந்து மூடினாள். சத்தமில்லாமல் மூடியது.

"பார்த்தீங்களா? எங்கண்ணன் செஞ்சா இப்படி இருக்கும்," என்று புருஷனிடம் சொன்னாள்.

மாப்பிள்ளை கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மச்சான் கை வேற, நம்ம கை வேற," என்றார். வழக்கமாக இப்படிச் சொல்லும்போது கூடவே ஒரு கண் சிமிட்டல் இருக்கும். அன்று இல்லை. உண்மையாகவே அப்படி நினைத்துவிட்டார் என்பது லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. தண்ணீர் கேட்ட புருஷனுக்குத் தங்கை எவர்சில்வர் டம்ளரில் பாதி மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். அவரும் நல்ல கையாலேயே, ஆனால் மடக்குக்கு மடக்கு டம்ளரை முழங்காலில் ஊன்றி வைத்துக்கொண்டு குடித்தார்.

கட்டுப் பிரித்து இரண்டு வாரம் கழித்து, தன் கண்ணாடியின் காதுக்கம்பி லூசாகிவிட்டது என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு லிஃப்ட்காரர் கடைக்குப் போனார். மாப்பிள்ளை எப்போதும் உட்காரும் மேசையில், விளக்குக்குக் கீழே, வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை முன்பக்கம் நின்று வருகிறவர்களுக்குச் சட்டங்களை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, இடம் மாறிட்டீங்க?"

"நான்தான் கேட்டு மாத்திக்கிட்டேன் மச்சான். குடுங்க, அந்தப் பொண்ணுகிட்ட குடுக்கிறேன்."

"நீங்களே போடுங்களேன். ஒரு திருகுதானே."

"வேணாம். கடுகத்தனை திருகு, தவறிடும்."

"கை இன்னும் வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. விரல் நல்லா மடங்குது, பாருங்க." மடக்கிக் காட்டினார். "கையில கோளாறு இல்ல மச்சான். எனக்கு அது மேல நம்பிக்கை போயிடுச்சு. நல்ல மெஷின், நல்ல பலகை, கோடு நேரா போட்டிருக்கேன், மெதுவாத்தான் தள்ளினேன். எதுலயும் குறை இல்லாதப்பவே இப்படி ஆச்சுன்னா குறை எங்க இருக்கு? வீட்டுல எல்லாரும் சொல்றப்ப விளையாட்டுன்னு நெனச்சேன். அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

கடையின் பின்வாசலில் கண்ணாடி கழுவும் தொட்டி ஒன்று இருந்தது. "கொஞ்சம் பின்னால வாங்க," என்று லிஃப்ட்காரர் அவரை அங்கே கூட்டிப்போனார். குழாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அவர் கை முதலில் அந்தக் குழாயைத்தான் இறுக்கியிருக்கும்.

"அன்னைக்குக் காவல்காரன் அதுல இல்ல மாப்பிள்ளை. நான்தான் கழட்டி ஊறப்போட்டிருந்தேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன்."

மாப்பிள்ளை தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பச்சை அட்டை இருந்துச்சே."

"கழட்டறதுக்கு முன்னாடியே மாட்டிட்டேன்."

"முன்னாடியேவா?"

"எப்பவும் அப்படித்தான் செய்வேன். பல வருஷமா."

மாப்பிள்ளை ஒவ்வொன்றாகக் கேட்டார். கடையில் வாடிக்கையாளரிடம் எழுத்துப் பலகையில் எந்த வரி தெரிகிறது என்று கேட்பது போல, நிதானமாக, குரல் உயராமல்.

"டீச்சர் பார்த்தப்ப அது நின்னுட்டிருந்துச்சுன்னு சொன்னாங்களே. அப்ப யாரு மாட்டினது?"

"நான்."

"எப்ப?"

"நீங்க கார்ல போனப்ப."

குழாய் சொட்டியது. மாப்பிள்ளை தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கார்ல கத்திக்கிட்டிருந்தப்ப நீங்க போல்ட்டு முடுக்கிட்டிருந்தீங்க."

"ஆமா."

"மறந்தது சரி மச்சான். யாருக்கும் நடக்கும். எனக்கே எத்தனை தரம் நடந்திருக்கு." தொட்டியிலிருந்து கையை எடுத்தார். "ஏழு வாரம். நான் ஒரு டம்ளர் தண்ணியை எடுக்கறதுக்கு முன்னாடி யோசிக்கிறேன். அலமாரி வேற செஞ்சு கொண்டாந்து வச்சீங்க. நான் அதைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். நீங்களும் பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

லிஃப்ட்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்பிள்ளை கையைத் தூக்கி நிறுத்தினார். முறிந்து சேர்ந்த இடது கை அது; சுண்டுவிரல் இன்னும் முழுதாக நிமிரவில்லை.

"இங்க சொன்னது போதாது," என்றார். உள்ளே போய்விட்டார். லிஃப்ட்காரரின் கண்ணாடியை அந்தப் பெண்தான் சரிசெய்து கொண்டுவந்து கொடுத்தாள்.

சனிக்கிழமை பட்டறையில் பதினாறு பேர் இருந்தார்கள். லிஃப்ட்காரர் சாணைக்கல்லை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அட்டையை முன்கூட்டி மாட்டியது, ஊறப்போட்டது, மறந்தது, திரும்ப மாட்டியது, டின் மூடியை ஒளித்தது. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் கல்லெறி விழும் என்று எதிர்பார்த்தார். விழவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

"ஆனைக்கும் அடி சறுக்கும் சார்," என்றார் ஒருவர்.

"லிஃப்டுல மாட்டினவங்களைக் காப்பாத்தத்தானே ஓடினீங்க," என்றார் இன்னொருவர்.

"இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவை. விடுங்கண்ணே," என்று தபால்காரர் தோளில் தட்டினார். "நீங்க இல்லன்னா இந்த இரும்பையெல்லாம் யார் கட்டி மேய்க்கிறது?"

ஏழு வாரத்துக்கு முன் இதே இடத்தில் ஒருவரும் ஆனையைப் பற்றிப் பேசவில்லை. அன்று சறுக்கியது பூனை என்று நினைத்திருந்தார்கள். பூனை சறுக்கினால் பூனையின் குற்றம். லிஃப்ட்காரர் வாசல் பலகையைக் காட்டினார்.

"அந்தத் தாள்ல அவரு பேரு இருக்கு. அதை எடுத்துட்டு என் பேரை எழுதுங்க. அதே ஆறு மாசம். பக்கத்துல ஆள் நிக்காம நான் எதையும் தொடக் கூடாது."

"அப்ப பழுது யார் பார்ப்பா?" என்றார் தபால்காரர்.

"பார்க்கலாம்," என்றார் டீச்சர். அவர் மட்டும்தான் அதுவரை பேசாமல் இருந்தார். தாளைப் பிய்த்து நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "நானும்தான் அவரைப் பத்திக் கையெழுத்துப் போட்டேன் சார். காவல்காரனைத் தொட்டுப் பார்த்தேன். தொட்ட விரல்ல மண்ணெண்ணெய் வாடை அடிச்சுது. ஏன்னு நான் கேட்டிருக்கணும். நீங்கன்னதும் கேக்கல."

புதுத் தாளில் எழுதினார். லிஃப்ட்காரர் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளை அன்று பட்டறைக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தங்கை போன் செய்தாள். குரலில் திட்டு இல்லை. அது அவருக்குப் பயமாக இருந்தது.

"அண்ணே, அந்த அலமாரியை வந்து எடுத்துட்டுப் போயிடு."

"எதுக்கும்மா?"

"சோறு வடிக்கும்போது அது என் கண்ணு முன்னாடி நிக்குது. நான் அதைத் திறந்து திறந்து மூடி அவரை என்ன பேச்சுப் பேசினேன், தெரியுமா உனக்கு? நீ கேட்டுட்டுத்தானே இருந்தே?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"பத்து வருஷமா கைதவறி கைதவறின்னு சொன்னதுல எனக்கும் பங்கு இருக்கு. அதை நான் அவருகிட்ட பேசித் தீர்த்துக்கிறேன். நீ அலமாரியை எடு."

அடுத்த ஞாயிறு காலை போனார். தங்கை கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். பாத்திரங்களெல்லாம் ஏற்கெனவே தரையில் செய்தித்தாள் விரித்து அடுக்கப்பட்டிருந்தன. சுவரிலிருந்து திருகுகளைக் கழற்ற அவர் ஆயத்தமானபோது மாப்பிள்ளை உள்ளிருந்து வந்து திருப்புளியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். எட்டுத் திருகு. கழற்றிய ஒவ்வொன்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டார். எட்டும் விழுந்த சத்தம் கேட்டது.

"எங்க கொண்டு போகணும்?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"பட்டறைக்கு. பலகை நல்ல பலகை, என்னோடது. பிரிச்சு நானே கட்டிக்கிறேன்."

ஒருவர் தூக்கக்கூடிய எடை இல்லை. வீடு மூன்றாவது மாடியில். படிக்கட்டு குறுகல், திருப்பத்துக்குத் திருப்பம் சாய்க்க வேண்டும். கீழ்ப்பக்கம் நிற்பவர் மேல்தான் முழு பாரமும் இறங்கும். லிஃப்ட்காரர் கீழே போக முன்வந்தார்.

"நான் போறேன்," என்றார் மாப்பிள்ளை.

தங்கை வாசலில் நின்றாள். பார்த்து என்று சொல்ல வந்த வாயை அவள் மூடிக்கொண்டதை லிஃப்ட்காரர் கவனித்தார்.

மாப்பிள்ளை இரண்டு படி இறங்கி, அலமாரியின் அடியில் கை கொடுத்துப் பிடித்தார். நிமிராத சுண்டுவிரல் மட்டும் பலகையில் படாமல் தனியே நின்றது. பாரம் இறங்கியதும் அவர் கழுத்து நரம்பு புடைத்தது, கை அசையவில்லை. லிஃப்ட்காரருக்குத் தொண்டை வரை ஒரு கேள்வி வந்தது. அதைக் கேட்கும் தகுதி தனக்கு இல்லை என்று விழுங்கினார்.

கீழிருந்து மாப்பிள்ளைதான் கேட்டார்.

"நீங்க நல்லாப் பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்," என்று உடனே வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் லிஃப்ட்காரர் தன் கையைப் பார்த்தார். வலது கையின் நாலு விரல் உள்ளே இருந்தன. இடது கை வெறும் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது, வேர்வையோடு.

"இல்ல," என்றார். "ஒரு நிமிஷம் இறக்குங்க."

இறக்கினார்கள். அவர் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்தார். குனிந்து, இடது கையை அடிவரை விட்டு, விரல்களை மடக்கினார்.

"இப்பப் பிடிச்சிருக்கேன்."

மாப்பிள்ளை தூக்கவில்லை. தலையைச் சாய்த்து, அலமாரியின் பக்கவாட்டு வழியாக மச்சானின் இரண்டு கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எட்டிப் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். பிறகுதான் தூக்கி, காலைப் பின்னால் வைத்து அடுத்த படியைத் தேடினார்.